சொல் வந்த வழியையும் சொல்லுங்கள்

ஐயா,

மாணவர்களின் ஆங்கிலச் சொல்வளம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். தினமும் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்யவைக்கலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. உருப்போட்டது பரீட்சையோடு போய்விடும். சொல் பிறந்த கதையையும் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

தக்கலையில் மாலை டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'நைஸ் – நல்ல' என்று நோட்டில் பத்து முறை எழுதியிருந்தாள். 'அறியாத' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் 'முட்டாள்தனமான' என்றுதான் பொருள் என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ சில்லி?" என்று கேட்டாள். இன்று 'அசட்டுத்தனமான' என்று பொருள்படும் அந்த 'silly'யின் மூலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'மகிழ்ச்சியான, பேறுபெற்ற' என்று பொருள். 'ஸேட்' முதலில் குறித்தது சோகத்தை அல்ல, நிறைவை. ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த நம் 'நாற்றம்' இன்று என்ன ஆயிற்று என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் ஆங்கிலப் பெயரடையின் கதையை, அதற்கு இணையான தமிழ்ச் சொல் ஒன்றின் கதையோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– டியூஷன் ஆசிரியை, தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்