கையில பாடுன வண்டு – என் கூட்டாளிக்கு

ஏய் கூட்டாளி,

நேத்தோட உனக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு. உன் மகன் உனக்குப் பிடிச்ச நெத்திலி சம்பல், கருவாட்டுக் கொழம்பு எல்லாம் வச்சுப் படைச்சான், கூடவே ஒரு பெரிய கிளாஸ் நெறைய ஐஸ் தண்ணியும் வச்சான். அதுவரைக்கும் நல்லாத்தான் நின்னுட்டு இருந்தேன், அந்தக் கிளாஸப் பாத்ததும் முடியலடி, பின்பக்கம் போயி உக்காந்துட்டேன். கிட்னி போனதுலேர்ந்து ஆறு வருஷமா ஒரு நாளைக்கு அரை லிட்டர்னு அளந்து அளந்து குடிச்சவ நீ. தாகம் தாங்காதப்ப ஒரே ஒரு ஐஸ் கட்டிய கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு, அது கரையிற வரைக்கும் பேசாம உக்காந்திருப்ப.

உங்கிட்ட சொல்லாம விட்டது நெறைய கெடக்கு, அதான் எழுதுறேன்.

1969ல தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒண்ணாம் வகுப்புல ஒரே பெஞ்சுல உக்கார வச்சாங்க, அன்னைக்குப் புடிச்ச கை. 1981ல ரெண்டு பேரும் பினாங்குத் தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரிக்கு ஆபரேட்டர் வேலைக்குக் கெளம்புனோம். விடியறதுக்கு முன்ன பட்டர்வொர்த் போயி ஃபெர்ரி ஏறணும், அந்தப் பக்கம் ஜெட்டியில ஃபேக்டரி பஸ் நிக்கும். மொத நாள் ஃபெர்ரியில ஏறுறப்ப பலகைக்கும் ஃபெர்ரிக்கும் நடுவுல கறுப்பா தண்ணி ஆடுறதப் பாத்துட்டு எனக்குக் கால் வரல. நீதான் "கீழ பாக்காத, என்னப் பாருடி"ன்னு கையப் புடிச்சு இழுத்த.

அந்தக் கை எப்பேர்ப்பட்ட கைன்னு உன் பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியாது, நான் சொல்லியிருக்கேன், இனிமேலும் சொல்லுவேன். மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சுக்கிட்டு, தலைமுடியவிட மெல்லிசான தங்கக் கம்பிய சிப்புலேர்ந்து அதோட உலோகக் காலுக்கு இழுத்து ஒட்டணும், மூச்சு கொஞ்சம் வேகமா விட்டாலே நழுவும். நான் ஒரு நாளைக்கு எத்தனையோ ரிஜெக்ட் குடுப்பேன். உனக்குக் கை ஆடாது. நைட் ஷிப்ட்ல விடிகாலை நாலு மணிக்கு எல்லாருக்கும் கண்ணு சொருகுறப்பவும் உன் கை அப்படியே நிக்கும், லைன் லீடர் பின்னால வந்து நின்னு பாத்துட்டுப் போவாங்க.

1985ல தீவுக்குப் பாலம் தொறந்துச்சு, ஃபேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திக்கே வந்துச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, நீ மட்டும் ஃபெர்ரி போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, கடன், அது எல்லாருக்கும் நடக்குறதுதான்.

இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி, எப்ப வந்துச்சுன்னு நமக்கே சரியா தெரியல. 2012ல மலைமேல புதுக்கோயில் கும்பாபிஷேகம் ஆனப்ப தண்ணீர்மலை 513 படியும் என்னைய இழுத்துக்கிட்டு ஏறுன, அப்பவே கால் மரத்துப் போகுதுன்னு சொன்ன, நாந்தான் வயசாச்சுல்லன்னு சொல்லிட்டேன். அத இன்னைக்கு வரைக்கும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். அன்னைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.

கிட்னி போயி டயாலிசிஸ் ஆரம்பிச்சப்ப நீ அழல. செவ்வா, வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டுக்குப் பின்னால இருந்த பிளிம்பிங் மரத்த, அதான் நட்சத்திரப் பழ மரத்த, நீயே ஆள் வச்சு வெட்டச் சொன்ன, உப்பு மொளகாத்தூள் தொட்டு நாம சின்னதுலேர்ந்து தின்ன பழம், கிட்னி கெட்டவங்களுக்கு அது வெஷமாம், வலிப்பு வந்து உயிரே போயிருமாம். மரம் விழுந்தப்பதான் கண்ணு கலங்குன.

டயாலிசிஸுக்காக எடது கையில ரெண்டு ரத்தக் கொழாயையும் சேத்துத் தச்சாங்கல்ல, ரத்தம் அதுல வேகமா ஓடும், அதனால தொட்டா உள்ள கிர்ருனு அடிக்கும். தெனமும் காலையில தொட்டுப் பாக்கணும், நின்னு போச்சுன்னா ஓடிவரணும்னு நர்ஸு சொல்லிவிட்டாங்க. நீ அத வண்டுன்னு சொல்லுவ. நான் வந்தா மொதல்ல கைய நீட்டி, "கேளுடி, வண்டு பாடுது"ன்னு என் காதுல வைப்ப. கம்பி ஒட்டுன அதே கை.

2020 டிசம்பர் 31, ஆளுங்களையும் காரையும் ஏத்துன பழைய ஃபெர்ரிக்குக் கடைசி நாள். வியாழக்கிழமை, உனக்கு டயாலிசிஸ். முடிஞ்சு வந்து, "சாயங்காலம் ஒரு தடவ போயிட்டு வந்துரலாம்டி, போறதுக்கு 1 வெள்ளி 20 காசு, திரும்பி வர்றதுக்கு அதுவும் இல்ல"ன்னு கேட்ட. கோவிட் நேரம், நீ வேற அசந்து போயிருக்க, வேணாம்னு நான் தடுத்துட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. 2023ல புது ஃபெர்ரி வந்ததும் கூட்டிட்டுப் போனேன், ஏர்கான், கண்ணாடி, நல்ல சீட்டு எல்லாம் இருந்துச்சு. நீ கண்ணாடியில நெத்திய ஒட்டி வச்சுக்கிட்டு, "காத்து வரலயேடி"ன்ன. மன்னிச்சிரு கூட்டாளி. அன்னைக்கு சாயங்காலம் போயிருக்கணும்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உன் முகத்தப் பாக்கல நான், நேரா எடது கையத்தான் தேடுனேன். சூடு இருந்துச்சு. வண்டு இல்ல.

இன்னைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் தனியா பட்டர்வொர்த் போயி ஃபெர்ரி ஏறுனேன். ஏறுறப்ப கீழ பாக்கல. சன்னலோரமா இருந்த கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன், இஞ்சின் எடுத்ததும் கம்பி கிர்ருனு அதிர ஆரம்பிச்சுச்சு, உள்ளங்கையில அப்படியே அது. அந்தப் பக்கம் ஜெட்டி வர்ற வரைக்கும் நான் கைய எடுக்கலடி.

அடுத்த வியாழனும் போவேன்.

உன் கூட்டாளி