3 புள்ளிப் பாட்டுக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாவ்லு த கர்வாலியு ஐயாவுக்கு,

வணக்கம். நேற்று ராத்திரி யூடியூபில், ஐரோப்பிய நாடுகள் வருஷா வருஷம் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் 1974 நிகழ்ச்சியைத் தேடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தேடியது உங்களை இல்லை. அந்த வருஷம் ஜெயித்த சுவீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழுவை. போர்ச்சுகலுக்காக நீங்கள் பாடிய பாட்டு தற்செயலாகக் காதில் விழுந்தது, அப்புறம் நாலு தடவை கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். 17 நாடுகள். போர்ச்சுகலுக்குக் கிடைத்தது 3 புள்ளி, கடைசி இடம். அதே 3 புள்ளியோடு துணைக்கு நார்வே, மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து. ‘விடைபெற்ற பிறகு’ என்று பொருள்படும் தலைப்பு; காதல் முறிந்த ஒருவனின் புலம்பல். ஜன்னல், சாவி, அலமாரி என்று உங்கள் மொழி எங்களுக்கு எத்தனையோ வார்த்தைகள் தந்திருக்கிறது. பாட்டில் அதில் ஒன்றுகூட வரவில்லை, ஆனாலும் அழுகை புரிந்தது. 3 புள்ளி அநியாயம்தான்.

அதே வருஷம் இத்தாலிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்கள் பாட்டின் தலைப்பு ‘ஸி’, அதாவது ‘ஆம்’. விவாகரத்துச் சட்டம் பற்றி மே மாதம் பொது வாக்கெடுப்பு. ஓட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறதென்று அரசு டிவி போட்டியையே ஒளிபரப்பவில்லை. உங்கள் பாட்டைப் பார்த்து அப்படி யாரும் பயப்படவில்லை.

பதினெட்டே நாள். ஏப்ரல் 24 இரவு, 11 அடிக்க ஐந்து நிமிஷம். லிஸ்பன் வானொலி ஒன்றில் அறிவிப்பாளர் நேரம் சொல்லி, உங்கள் பெயர் சொல்லி, பாட்டைப் போட்டார். லிஸ்பன் வட்டாரத்தில் எத்தனையோ பேர் பல் தேய்த்துக்கொண்டு கேட்டிருப்பார்கள். சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்க, ரேடியோ பக்கத்தில் காத்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும் அதற்கு வேறு அர்த்தம்: இன்றைக்குத்தான், தயாராகுங்கள். அரசுக்குப் பிடிக்காத பாடகர் ஜோசே அஃபோன்சுவின் பாட்டை அந்த நேரத்தில் போட்டிருந்தால் யாருக்காவது மூக்கு வியர்த்திருக்கும். போட்டியில் தோற்ற காதல் பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? அஃபோன்சுவின் பாட்டு நள்ளிரவு தாண்டி 12:20க்கு, வேறொரு வானொலியில், இரண்டாவது சைகையாக வந்தது. அதற்கப்புறம் பின்வாங்க வழியில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் 48 வருஷச் சர்வாதிகாரம் முடிந்தது. துப்பாக்கிக் குழல்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள்.

எல்லோரும் அஃபோன்சுவின் பாட்டைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ உங்கள் பாட்டின் மேல்தான் பிரியம். தனக்குத் தெரியாமலே வேலை செய்த பாட்டு அது.

அடுத்த வருஷம் உங்கள் நாடு, புரட்சியில் பங்கெடுத்த கேப்டன் துவார்த் மெந்தஷையே யூரோவிஷனுக்குப் பாட அனுப்பியது. அவருக்கும் 16ஆம் இடம்தான். நடுவர்கள் மசியவில்லை!

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த 10:55க்கு நீங்கள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தீர்களா? கேட்டிருந்தால், ‘பரவாயில்லையே, நம்ம பாட்டை இன்னும் போடுகிறார்களே’ என்றுதானே நினைத்திருப்பீர்கள்?

அன்புடன்,
உங்கள் தாமதமான ரசிகன்