ஆச்சியின் ஓயாத உறக்கம் முதுமையால் மட்டும் வருவதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தைராய்டு குறைபாடு பற்றி வெளியான கட்டுரை உடல் பருமனையும் முடி உதிர்தலையும் நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் அந்நோய் முற்றி உயிருக்கே ஆபத்தாகும் ‘மிக்ஸிடிமா கோமா’ பற்றி ஒரு வரியும் இல்லை. சிகிச்சை பெற்றவர்களிலேயே ஐந்தில் ஒருவரையேனும் பலிகொள்ளும் நிலை அது.

அறுபதைக் கடந்த பெண்களுக்கே, அதிலும் குளிர்காலத்தில், இது மிகுதியாக வருகிறது. தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும் என்பதால், மாத்திரை இல்லாமலும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பிறகு முகம் உப்பி, குரல் கரகரத்து, மந்தம் கூடிக்கொண்டே வரும் வேளையில், மார்கழிப் பனியோடு வரும் நிமோனியாவோ, சிறுநீர்த் தொற்றோ, யாரோ கொடுத்த தூக்க மாத்திரையோ சேர்ந்தால், உடல் சில்லிட்டு, நாடி தளர்ந்து, நினைவு தப்பத் தொடங்கும். அதை நம் வீடுகளில் ‘ஆச்சிக்கு வயசாயிட்டு, அதான் ஒறங்கிட்டே கெடக்கா’ என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் இல்லை என்பதும் ஆறுதல் அன்று; இந்நிலையில் தொற்று இருந்தாலும் உடல் சுடாமல் போகலாம். பழைய பாதரசத் தெர்மாமீட்டரோ 94, 95 டிகிரிக்குக் கீழே காட்டுவதே இல்லை.

இப்படிப்பட்டவரைச் சாதாரணப் போர்வையால் போர்த்தி, 108-ஐ அழைத்து, மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வெந்நீர்ப் பை வைத்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரியும். வாயில் சுக்குக் காப்பி ஊற்றினால் புரையேறும்.

திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரத்தை எண்ணினால், வட்ட மருத்துவமனைகளிலேயே சிகிச்சை தொடங்குவதுதான் முறை. இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல், முதலில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியும், அதன்பின் தைராக்ஸினும் தர வேண்டும் என்பதே மருத்துவ நெறி. இந்த ஸ்டீராய்டை உடலில் இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் நலிந்திருந்தால் தைராக்ஸினை மட்டும் கொடுப்பது கேடாக முடியும். தைராக்ஸின் ஊசியின் முதல் தவணை 200 முதல் 400 மைக்ரோகிராம்; முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவே போதும். ஊசி கிடைக்காத இடத்தில் மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியே செலுத்தலாம். மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் இருக்கிறது. ஆகவே மருந்தில்லை என்பதைத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பணியாளர்கள், தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.