உன் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தேன், கண்மணி

அன்புள்ள கண்மணிக்கு,

நீ அனுப்பிய லிங்க்கைத் திறந்து, உன் டிசைன் வேலைகளைத் தொகுத்து வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோவை முழுக்கப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு கோடு நேராக வரைய வராது, உனக்கே தெரியும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஆண்டறிக்கைக்கும் இணையதளத்துக்கும் டிசைனர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. இங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலைகள் நன்றாக இருக்கின்றன. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. எழுத்துகளுக்கு நடுவே நீ விடும் இடைவெளியில் ஒரு நிதானம் வந்திருக்கிறது. போன வருடம் இது இல்லை. ஆனால் 23 வேலைகளை ஏன் அடுக்கி வைத்திருக்கிறாய்? எங்களுக்கு விண்ணப்பங்கள் குவியலாக வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் பார்க்கிறோம். முதல் இரண்டு மூன்று வேலைகளிலேயே மனதில் பாதி முடிவு விழுந்துவிடும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நீ செய்த காலண்டரும், சமீபத்தில் முடித்த செயலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பார்க்கிறவர் உன்னைக் காலண்டரை வைத்தும்தான் எடை போடுவார். ஐந்தாறு போதும். மிகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்று குழம்பினால், இதே மாதிரி இன்னொரு வேலை வந்தால் ஆசையாக எடுத்துச் செய்வேனா என்று உன்னையே கேட்டுக்கொள். விசிட்டிங் கார்டு போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்று நீதான் போனில் சொன்னாய். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் விசிட்டிங் கார்டுகள்தான் நிற்கின்றன. எதைக் காட்டுகிறாயோ அதைத்தான் உன்னிடம் கேட்பார்கள்.

இப்போது அந்த மருத்துவமனைச் செயலிக்கு வருகிறேன். எனக்கு ரொம்பவும் பிடித்தது அதுதான், மனசு கேட்காமல் போனதும் அதில்தான். அதன் கீழே "பயனர் அனுபவத்தை மேம்படுத்தினேன்" என்று ஒரே ஒரு வரி. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அந்த வேலை நடந்தபோது நீ என்னிடம் சொன்னது வேறு. வரவேற்பு மேசை அருகே உட்கார்ந்து கவனித்தாய். பழைய செயலி முதலில் டாக்டரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வயதானவர்களோ, மகனுக்கோ மகளுக்கோ என்றைக்கு லீவு, யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் முதலில் யோசித்தார்கள். டாக்டரைத் தேர்ந்தெடுத்து, நாலு திரை தாண்டிப் போன பிறகு, அந்த நாளில் அவர் இல்லை என்று வந்தால் அப்படியே போனை மூடி வைத்துவிட்டார்கள். அதனால் நீ தேதியை முதல் திரைக்குக் கொண்டுவந்தாய். இது எங்கே, "மேம்படுத்தினேன்" எங்கே? உனக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, பார்த்ததை வைத்து முடிவெடுக்கத் தெரியும் என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் இருக்கிறது. அதை அப்படியே எழுது. பழைய திரையின் படம், நீ கிறுக்கிய முதல் வரைவு, சரிவராமல் ஒதுக்கிய ஒன்று, கடைசியில் வந்தது, இவற்றை வரிசையாக வை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி போதும். ஒதுக்கியதை மறைக்காதே. ஏன் ஒதுக்கினாய் என்பதைப் படிக்கத்தான் நான் முன்னே சாய்ந்து உட்காருவேன்.

லோகோக்களுக்குப் பேர்போன அமெரிக்க டிசைனர் பால் ராண்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்துக்கு அவர் லோகோ செய்து கொடுத்த விதத்தை ஒருமுறை நினைத்துப் பார். பல மாதிரிகளை நீட்டி, பிடித்ததை எடுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார். கூடவே ஒரு சிறு புத்தகம். அந்தப் பெயரைப் பல எழுத்துருக்களில் போட்டுக் காட்டி, அதில் 'e' மட்டும் ஏன் சின்ன எழுத்து, லோகோவில் உள்ள கறுப்புக் கனசதுரம் ஏன் 28 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று படிப்படியாகக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். லோகோவைப் பார்க்கும்போது அதன் காரணமும் படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. உன் ஒவ்வொரு வேலைக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்று. வேலை கொடுக்கிற நிறுவனமும், தனியாக வருகிற கிளையண்டும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நிறுவனத்தில் பார்ப்பவர் டிசைன் தெரிந்தவர். நாளைக்குத் தன் குழுவில் உன்னோடு உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர். நீ எப்படி யோசிக்கிறாய், டெவலப்பர் இது முடியாது என்றால் என்ன செய்வாய் என்று தேடுவார். கிளையண்டுக்கு வயர்ஃபிரேமை, அதாவது திரையின் வெறும் கோட்டு வரைவைக் காட்டினால் பயந்துவிடுவார். எனக்கு என்ன கிடைக்கும், எத்தனை நாளாகும், எத்தனை முறை திருத்தித் தருவாள், சொல்வதைக் கேட்பாளா, இதுதான் அவர் கவலை. அவருக்கு முன்னும் பின்னுமான இரண்டு படங்களும், வேலை எப்படி நடக்கும் என்ற சுருக்கமும், பழைய கிளையண்ட் ஒருவர் சம்மதித்துச் சொன்ன நல்ல வார்த்தையும் போதும். அதனால் இணையதளம் பொதுவாக இருக்கட்டும். விண்ணப்பிக்கும்போது மட்டும் அந்த இடத்துக்கு ஏற்ற வேலைகளை எடுத்துத் தனியாக ஒரு பிடிஎஃப் செய்து அனுப்பு.

குழுவாகச் செய்த வேலையில் உன் பங்கு எது என்று தெளிவாக எழுது. "படங்கள் இன்னொருவர் வரைந்தது, பக்க அமைப்பும் எழுத்துரு தேர்வும் என்னுடையது" என்று சொன்னால் உன் மதிப்பு கூடத்தான் செய்யும். நேர்காணலில் எப்படியும் கேட்டுவிடுவோம். முந்தைய அலுவலகத்தில் செய்ததை எடுத்துப் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தால் அதை ஒருமுறை படித்துப் பார். பெயரை மறைத்துவிட்டால் மட்டும் சரியாகிவிடாது. பிரபல நிறுவனத்தின் செயலியை நீயாக மாற்றி வரைந்திருக்கிறாயே, அது பயிற்சிக்காகச் செய்தது என்று மேலேயே எழுதிவிடு. பார்க்கிறவர் அவர்களே உனக்கு வேலை கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். கைப்பேசியில் முதல் பக்கம் திறக்க நேரம் எடுக்கிறது. படங்களின் அளவைக் குறை. வெள்ளையில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதியிருப்பதை என்னால் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்க வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்? போட்டோஷாப் உனக்கு 90 சதவீதம் தெரியும் என்று ஒரு பட்டை போட்டிருக்கிறாய். மீதி பத்து எது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? எடுத்துவிடு. மின்னஞ்சல் முகவரி கடைசிப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. அதை மேலே கொண்டு வா.

முதலில் மருத்துவமனைப் பக்கத்தை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. மற்றவை மெல்ல ஆகட்டும். எழுத்துப் பிழையெல்லாம் அம்மா பார்த்துத் திருத்தித் தருகிறேன். எந்த இடத்தில் புரியவில்லை என்றும் குறித்து வைக்கிறேன். அந்த வரவேற்பு மேசையில் நீ பார்த்ததை ஒன்று விடாமல் எழுது. நீளமாகிவிட்டால் இருவரும் சேர்ந்து வெட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா