நாலு இன்புட்டுக்கு நாலு ஃபங்ஷன் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வரும் ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தை விடாமல் படிக்கிறேன். சென்ற பாடத்தில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, முகவரி என்று ஃபார்மில் இருந்த ஒவ்வொரு இன்புட்டுக்கும், அதாவது தகவலை நிரப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும், தனி ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எழுதிக் காட்டியிருந்தார்கள். நாலும் செய்வது ஒரே வேலை. புதிதாகப் படிக்கிறவர்கள் இதுதான் முறை என்று பழகிவிடுவார்கள், அப்புறம் 20 இன்புட் உள்ள ஃபார்ம் வந்தால் 20 ஃபங்ஷன் எழுதுவார்கள், ஒரு சின்ன மாற்றம் என்றாலும் அத்தனை இடத்திலும் கை வைக்க வேண்டும், ஓரிடம் விட்டுப்போனால் அதைத் தேடுவதற்கே பொழுது போய்விடும்.

ஒரே ஃபங்ஷன் போதும். ஒருவர் தட்டும்போதோ மாற்றும்போதோ உலாவி அனுப்பும் அறிவிப்புதான் ஈவென்ட், மாற்றம் எங்கே நடந்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அதன் டார்கெட்டில், அதாவது மாற்றம் நடந்த இன்புட்டில், நேம் (அதன் பெயர்), வேல்யூ (அதில் உள்ள மதிப்பு) இரண்டும் இருக்கின்றன, நேமைக் கீயாக (அடையாளப் பெயராக) வைத்து ஒரு ஆப்ஜெக்டில் (பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) வேல்யூவைப் போட்டால் முடிந்தது. அந்த ஃபங்ஷனை ஒவ்வொரு இன்புட்டிலும் மாட்டக்கூட வேண்டாம். இன்புட், சேஞ்ச் ஆகிய இரண்டு ஈவென்ட்டுகளும் தாம் நடந்த கட்டத்திலிருந்து அதைச் சூழ்ந்திருக்கும் ஃபார்ம் வரை மேல்நோக்கி ஏறிச் செல்பவை என்பதால் ஃபார்மில் ஒரு தடவை ஆட்ஈவென்ட்லிசனர் (ஈவென்ட் வந்தால் ஃபங்ஷனை ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டாலே எல்லாம் அங்கே வந்து சேரும், பிற்பாடு ஃபார்முக்குள் புதிதாகச் சேர்க்கும் இன்புட்டுகளுக்கும் அதுவே வேலை செய்யும். ஒரு கட்டத்துக்குள் நுழையும்போது வரும் ஃபோகஸும் விட்டு வெளியேறும்போது வரும் ப்ளரும் அப்படி ஏறுவதில்லை, அவற்றுக்குப் பதில் ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் இரண்டையும் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் வேல்யூவை எடுக்கக் கூடாது, இதைத்தான் பாடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். செக்பாக்ஸில் டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேல்யூ மாறாது, டிக் இருக்கிறதா என்று சொல்லும் செக்ட் என்பதைப் பார்க்க வேண்டும். நம்பர் இன்புட்டின் வேல்யூகூட ஸ்ட்ரிங்தான், அதாவது எண்ணல்ல, எழுத்துத் தொடர், 5-ஐயும் 3-ஐயும் அப்படியே கூட்டினால் 53 வந்து நிற்கும். நேம் கொடுக்காத இன்புட் இந்த முறையில் காணாமலே போகும், சப்மிட் செய்யும்போதும் அதன் மதிப்பு போகாது, அதனால் நேம் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஊட்டிவிடலாம்.

சரி, எல்லா வேலையையும் ஒரே ஃபங்ஷனுக்குள் திணித்து இஃப் மேல் இஃப் அடுக்கச் சொல்லவில்லை. பாஸ்வேர்டு வலுவாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை, அதற்குத் தனி ஃபங்ஷன் எழுதுவதே சரி. பொதுவான வேலைக்கு மட்டும் ஒன்றே போதும்.

அடுத்த பாடத்தில் அதே ஃபார்மை இப்படி மாற்றி எழுதி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்