கிப்சன் வாங்கித் தரப்போற எங்கட பழைய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமார், அக்காமார்,

போன ஞாயிறு சூம்ல நீங்கள் கதைச்சத நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன், நெட் விட்டு விட்டு வந்ததால வாய் திறக்கேல்ல, அதான் இப்ப எழுதுறன். பள்ளிக்கூட பாண்டுக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் எடுக்கக் காசு சேர்த்திருக்கிறியள், பெரிய விசயம். ஆனா "எடுத்தா கிப்சன் லெஸ் போல்தான் (கிப்சன் எண்ட அமெரிக்கக் கம்பனியின்ட பேர்போன மொடல்) எடுக்கோணும், ரீசேல் வேல்யூ குறையாது" எண்டு ஒரு அண்ணா சொன்ன உடன எல்லாரும் தம்ஸ் அப் போட்டியள் பாருங்கோ, அங்கதான் எனக்கு நெஞ்சு பக்கெண்டது.

முதல்ல போன வருசம் வந்த கிட்டாரின்ட கதைய சொல்லோணும். அம்ப் (சத்தம் கூட்டிற பெட்டி), வயர், பை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டில வந்தது, எங்க எடுத்ததெண்டு இப்ப வேண்டாம். 12ஆவது ஃப்ரெட்ல (கழுத்தில குறுக்க பதிச்சிருக்கிற கம்பி) தடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கீழ 2 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருந்தா பிள்ளைக்கு வாசிக்க சுகம், வந்த கிட்டார்லயோ என்ர சுண்டுவிரல் நுனி போகுது! கிளாஸ் முடிய ஒரு பிள்ளை விரல நீட்டிக் காட்டினாள், ஸ்ட்ரிங் பதிஞ்சு கோடு கோடா, நுனி வெள்ளையாப் போய்க் கிடக்கு. அடுத்த கிழமை அவள் வரேல்ல. ட்ரஸ் ரொட்ட (கழுத்துக்குள்ள வளைவ நிமிர்த்திற இரும்புக் கம்பி) திருப்பிப் பாத்தன், ஸ்ட்ரிங்க தாங்கிற பிரிட்ஜ பதிச்சுப் பாத்தன், ரெண்டு மாசத்தில அதுல உயரம் மாத்திற சாடில் ஸ்குரூ எல்லாம் கறள் பிடிச்சு அலன் கீயும் வழுக்குது. டொக்யார்ட் வீதிப் பக்கம் எங்க நிண்டாலும் கடல் காத்துத்தானே, இரும்பு எண்டா மிச்சம் வைக்காது.

அதால நல்ல கிட்டார் வேணும் எண்டதுல எனக்கு மறுப்பில்ல. எது நல்லது எண்டதுலதான் பிரச்சினை.

லெஸ் போல் மோசமெண்டு சொல்லேல்ல. 24.75 இஞ்சி ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிருற நீளம்), அது குறைவெண்டதால ஸ்ட்ரிங் கொஞ்சம் இளக்கமா இருக்கும், பெண்ட் பண்ணச் (விரலால வளைச்சு சுதி ஏத்தச்) சுகம், சின்னக் கைக்கு அது நல்லம்தான். ஆனா அது கிட்டத்தட்ட 4 கிலோ வரும், 13 வயசுப் பிள்ளை ஸ்ட்ராப் போட்டு ஒரு மணித்தியாலம் நிண்டா தோள் கழண்டிடும். பிறகு அந்த ஹெட்ஸ்டொக், ஸ்ட்ரிங் முறுக்கிற தலைப்பக்கம். பின்னுக்கு 17 பாகை சரிஞ்சு நிக்கும், கழுத்து மஹோகனி, ட்ரஸ் ரொட் நட் இருக்கிற இடத்தில கட்டையக் குடைஞ்சு வேற விட்டிருக்கு, ஸ்டாண்டோட ஒருக்கா விழுந்தா டக்கெண்டு முறியும். ஒட்டலாம், நானே ஒட்டிக் குடுத்திருக்கிறன், நல்லா வாசிக்கவும் ஏலும், ஆனா முறிஞ்சு ஒட்டினதெண்டு தெரிஞ்சா விலை பாதிக்குக் கிட்ட விழும். 20 பிள்ளையள் கைமாத்தி வாசிக்கிற ஹோல்ல எத்தினை நாளைக்கு விழாம இருக்கும், நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச காலத்தில அந்த ஹோல்ல எத்தினை கதிரைக்குக் கால் இருந்தது?

ரீசேல் எண்டு கணக்குப் பாக்கிறது தப்பில்ல, நாலு வருசத்தில வித்து வேற எடுக்கத்தானே வேணும். ஆனா விக்கிறது எண்டா வாங்க ஆள் வேணும். ஒறிஜினல் கிப்சனுக்குக் காசு வச்சிருக்கிறவர திருகோணமலைல தேடினா மாசக்கணக்கில தேடோணும், கடைசில கொழும்புக்குத்தான் கொண்டு போகோணும், அவையும் முதல் கேள்வியா "இது ஒறிஜினலோ" எண்டுதான் கேப்பினம், ஏனெண்டா கொப்பி அவ்வளவு உலாவுது. (ஒரு சின்னச் சூட்சுமம்: ஹெட்ஸ்டொக்ல இருக்கிற மணி மாதிரி மூடிய பாருங்கோ, ஒறிஜினல் கிப்சன்ல ரெண்டு ஸ்குரூ, கொப்பில கனக்க மூண்டு இருக்கும்.) 2022ல கனபேர் பாவிச்ச கிட்டார வாங்கின விலைக்கு மேல வித்தது உண்மை, அது கிட்டார் ஏறினதால இல்ல, அந்த மார்ச்சுக்குப் பிறகு டொலர் 200ல இருந்து 360 மட்டும் போனதால. அத வச்சு கணக்குப் போடாதேங்கோ.

என்ர கணக்கு இதுதான். பாவிச்ச யமஹா பசிஃபிக்கா 112 ஒண்டு, இல்லாட்டி நல்ல நிலைல ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட். ஸ்குவையர் 1982ல இருந்து ஃபெண்டரின்ட மலிவுப் பேர்தான், ஆனா வாங்கிற பெடியளுக்கு அந்தப் பேர் தெரியும், போஸ்ட் போட்டா அண்டைக்கே நாலு கோல் வரும். ரெண்டிலயும் ஸ்கேல் 25.5 இஞ்சி, ஸ்ட்ரிங் கொஞ்சம் இறுக்கம், 9-42 எண்ட மெல்லிய ஸ்ட்ரிங் செட் போட்டா சமாளிக்கலாம். கழுத்து நாலு ஸ்குரூவில நிக்குது, போனா கழட்டி மாத்தலாம். நான் பசிஃபிக்காப் பக்கம் சாயிறதுக்குக் காரணம் பிரிட்ஜ் பக்கத்தில இருக்கிற ஹம்பக்கர், அதாவது இரைச்சல அடக்க ரெண்டு சுருள் போட்ட பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வப் பிடிக்கிற பகுதி). எங்கட ஹோல்ல எர்த் சரியில்ல, டியூப் லைட் போட்டா ஒரு சுருள் மட்டும் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப் ங்ங்ங் எண்டு கத்தும், ஹம்பக்கருக்கு மாத்தினா அடங்கும்.

ஃப்ளொய்ட் ரோஸ் (ஸ்ட்ரிங்க பூட்டி வைக்கிற, ஆடுற பிரிட்ஜ்) போட்டது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மிச்சம் அஞ்சும் சுதி மாறிடும், லொக்க கழட்டு, அலன் கீயத் தேடு, பீரியட் முடிஞ்சிடும்.

எது எடுத்தாலும் அதுல ஓட்டை போட, பெயின்ற் அடிக்க, பிக்கப் மாத்த விடமாட்டன், கழட்டின ஸ்குரூவக் கூடப் பையில போட்டு வைப்பன். விக்கேக்க உங்கட ரீசேல் வேல்யூ அதுலதான் இருக்கு. கச்சான் எண்ட காஞ்ச காத்துக் காலத்தில கட்டை சுருங்கி ஃப்ரெட் நுனி கையக் கீறும், மாரில கழுத்து வளைஞ்சு ஆக்ஷன் (ஸ்ட்ரிங்கின்ட உயரம்) ஏறும், வருசத்துக்கு ரெண்டு தரம் செற் பண்ணோணும், அதுக்கு ஒரு சதமும் கேக்கமாட்டன்.

கனடா அண்ணாவுக்கு இன்னுமொண்டு. அங்கயிருந்து அம்ப் மட்டும் அனுப்பாதேங்கோ, அது 120 வோல்ட், இங்க 230, குத்தின உடன புகைதான் வரும். அம்ப்ப நான் இங்க பாத்து எடுக்கிறன். கோணேசர் திருவிழாவுக்கு வாற ஆரிட்டயும் கோட்டட் ஸ்ட்ரிங் (மேல பூச்சுப் பூசினது) 9-42 ஒரு ஆறு செட் சூட்கேஸில போட்டு விடுங்கோ, சாதா ஸ்ட்ரிங் இந்த உப்புக் காத்துக்கு மூண்டு கிழமையும் தாங்காது.

அந்தப் பிள்ளையின்ட வீட்டுக்கு முந்தநாள் போனன், புதுசு வருதெண்டு சொன்னன். "விரல் நோகாதோ சேர்?" எண்டு கேட்டாள், வாங்க முதல் நீயே வாசிச்சுப் பார் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இப்படிக்கு,
உங்கட தம்பி, பின்னேரக் கிட்டார் கிளாஸ் எடுக்கிறவன்
திருகோணமலை