மாமா, அத்தையையும் கூட்டி வாருங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

செப்டம்பர் கடைசியில் ஸ்டுட்கார்ட் வருவதாகச் சொன்னீர்கள், ரொம்ப சந்தோஷம். கூடவே குரலைத் தாழ்த்தி, "மியூனிக் பீர் திருவிழாவுக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போயிரு மாப்ள, அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றீர்கள். இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் அது உங்கள் போனோடு நின்றுவிடும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். நான் எழுதும் எதையும் அத்தை விட்டுவைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அத்தைக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை மாமா. வார நாளில் மதியம் ஒரு பீர் கூடாரத்துக்குள் போய்ப் பாருங்கள். நீள மேசை, முதுகு சாய இடமில்லாத மர பெஞ்சு. ஒரு முனையில் ஆபீஸிலிருந்து கும்பலாக வந்தவர்கள். மறுமுனையில் ஒரு பாட்டி, அவர் மகள், கோழிக்காலைக் கடித்துக்கொண்டு பேரன். மியூனிக்கில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இரவு எட்டு மணிக்குமேல் கூடாரத்தில் இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதுவரை இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? நம் ஊர் டாஸ்மாக் பாரில் கால்மணி நேரத்தில் குவார்ட்டரை முடித்து, வாசம் தெரியாமலிருக்க வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

சரி, 'அக்டோபர்ஃபெஸ்ட்' என்று எல்லோரும் சொல்கிற மியூனிக் திருவிழாவின் கதை. 1810 அக்டோபர் 12 அன்று, மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம். ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் அதையொட்டிக் குதிரைப் பந்தயம் நடந்தது, அதுவே பிறகு வருஷத் திருவிழாவானது. மைதானத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள். ஊர்க்காரர்கள் திருவிழாவை 'வீஸ்ன்', அதாவது புல்வெளி, என்றுதான் சொல்வார்கள். அக்டோபரில் குளிர் ஏறிவிடும் என்று பிற்பாடு செப்டம்பருக்கு முன்னே இழுத்துவிட்டார்கள். முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மேயர் மரச் சுத்தியலால் பீப்பாய்க்குக் குழாய் அடித்தபிறகுதான் யாருக்கும் பீர். ஆறு மியூனிக் ஆலைகளின் சரக்கு மட்டுமே அங்கே விற்கலாம். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஆனால் 2025-ல் ஒரு லிட்டர் குவளை, அதாவது ஒரு 'மாஸ்', 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், தொண்டையில் இறங்காது.

அப்புறம், இலையுதிர்காலத்தில் ஏன் பீர் என்று கேட்டீர்களே. 1539-ல் பவேரியாவில் ஓர் ஆணை வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுவிடும், கொப்பரைக்கு அடியில் எரியும் நெருப்பால் ஊரே பற்றிக்கொள்ளும் பயமும் இருந்தது. அதனால் மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி நிலவறையில் போட்டுவைத்தார்கள். நிலவறை சூடாகாமலிருக்க மேலே கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்சு போட்டதில் பிறந்ததுதான் பீர் தோட்டம். இலையுதிர்காலம் வந்ததும் புதுச் சரக்குக்குப் பீப்பாய் வேண்டும், பழையதைத் தீர்த்தாக வேண்டும். தீர்ப்பதற்கு ஆள் பஞ்சமா என்ன.

இவ்வளவு சொன்னபிறகும் நான் உங்களை முதலில் மியூனிக்குக் கூட்டிப்போகப் போவதில்லை. எங்கள் ஊரிலேயே, நெக்கர் ஆற்றங்கரையில், கான்ஸ்டாட் திருவிழா நடக்கிறது. தென்னந்தோப்பும் மாடுமாக வாழ்கிற உங்களுக்கு இதுதான் பொருத்தம். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்தில் பரவி, 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. மழை, குளிர், வயலிலேயே அழுகிய பயிர். இந்தப் பகுதி பஞ்சத்தில் வாடியது, எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டே கிளம்பின. அந்த வருஷம் பட்டத்துக்கு வந்த மன்னர் முதலாம் வில்ஹெல்ம், விவசாயம் மறுபடி தலைதூக்கட்டும் என்று 1818 செப்டம்பர் 28 அன்று இங்கே ஒரு விவசாயத் திருவிழா நடத்தினார். நல்ல மாடு, நல்ல குதிரை வளர்த்தவர்களுக்குப் பரிசு. அதே ஆண்டில் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் இன்றைய ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகம். மைதானத்தின் நடுவில் தானியமும் பழமும் காய்கறியும் சுற்றிய உயரமான தூண் ஒன்று இன்றும் நிற்கும். அதன் கீழே அத்தையையும் உங்களையும் நிறுத்தி ஒரு போட்டோ, அதற்கப்புறம்தான் பீர்.

குவளையைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த கண்ணாடி, வெறும் குவளையே ஒரு கிலோவுக்கு மேல். பழகியவர்கள் கைப்பிடியை மட்டும் பிடிப்பதில்லை, கைப்பிடிக்குள் நான்கு விரலையும் நுழைத்துக் கண்ணாடி உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள்வார்கள். கழுத்துக்குச் சற்றுக் கீழே ஒரு லிட்டர் கோடு இருக்கும், பீர் அதைத் தொடவேண்டும், நுரை அதற்குமேல். நுரையைக் காட்டிப் பீரைக் குறைப்பவர்களை எதிர்த்து மியூனிக்கில் ஒரு சங்கமே நடத்துகிறார்கள். நம் ஊரில் பெட்ரோல் பங்குக்குத் தேவைப்படுகிற சங்கம்.

எல்லோர் கையிலும் குவளை வரும்வரை யாரும் வாய் வைக்கமாட்டார்கள். பிறகு ஒவ்வொருவரோடும் இடித்து, கண்ணைப் பார்த்து 'ப்ரோஸ்ட்', அதாவது சியர்ஸ், சொல்லவேண்டும். கண்ணைப் பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு. இதில் கஷ்டம் எனக்குத்தான் மாமா. உங்கள் எதிரில் சிகரெட் பாக்கெட்டைக்கூட நான் எடுத்ததில்லை. அன்றைக்குச் சமாளித்துக்கொள்கிறேன்.

கால்மணிக்கு ஒருதரம் பேண்ட் வாத்தியக்காரர்கள் அதே 'ப்ரோஸிட்' பாட்டை எடுப்பார்கள், கூடாரமே குவளையைத் தூக்கும். சரக்கு விற்கிற தந்திரம்தான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் தூக்குங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் விழுங்காதீர்கள். திருவிழா பீர் ஆறு சதவீதத்தை ஒட்டி இருக்கும், சாதாரண பீரைவிடக் கூடுதல். ஒரு மாஸை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, பாதிக் கோழியும் உப்புப் போட்ட ப்ரெட்ஸல் என்ற முடிச்சு ரொட்டியும் தின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதுதான் இந்த ஊர்க் குடி. எல்லோரும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மியூனிக் கூடாரங்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஆள் ஆளாக விழுந்து கிடப்பார்கள். சனிக்கிழமை நமக்கு வேண்டாம்.

அத்தைக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது, சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம். ஆல்கஹால் இல்லாத பீரும் கிடைக்கும். அவர் கேட்டாலும் கேட்பார்.

நான் உண்மையில் காட்ட நினைப்பது வேறொன்று. அறுவடை முடிந்ததும் இங்கே திராட்சைத் தோட்டக்காரர்கள் வீட்டு வாசலில் ஒரு துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துடைப்பம் தொங்கினால் உள்ளே போய் உட்காரலாம் என்று பொருள். அதிகபட்சம் நாற்பது இருக்கை, வருஷத்தில் நான்கு மாதம் மட்டுமே அனுமதி. சொந்தத் தோட்டத்து ஒயின், சொந்தச் சமையல். அந்தச் சமயத்தில் இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் புது ஒயினும் சில இடங்களில் வரும், கலங்கலாக, இனிப்பும் நுரையுமாக. பாட்டிலை இறுக மூடினால் வெடித்துவிடும் என்று தளரத்தான் மூடுவார்கள். குடித்தால் மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய கள் நினைவுக்கு வரும். வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு பணியாரம் தொட்டுக்கொள்ள. சொந்த மரத்துக் கள்ளை வாசலில் வைத்து விற்க 1987-லிருந்து வழியில்லாமல் இருக்கும் உங்களிடம், அந்தத் தோட்டக்காரர் என்ன கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்டு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

முதல் வாரம் கான்ஸ்டாட், செவ்வாய் அல்லது புதன் மதியம். மியூனிக் ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம், அதுவும் வார நாளில், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். கைப்பை சின்னதாக இருக்கட்டும், மூன்று லிட்டருக்குமேல் கொள்ளும் பையை மியூனிக் திருவிழா வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அத்தையின் வழக்கமான தோள்பை அங்கே செல்லாது.

விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். இங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கவேண்டும். உங்களுடையது சரியாக இருக்கிறது. அத்தையின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்புங்கள். நீங்கள் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, அவரே அனுப்பிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை